சொல்லாத மூன்று மைல்

"ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓடறா?"

டாக்டர் கமலாட்சி எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி கேட்டார்.

"எட்டு ரவுண்டு. ஒரு மைல்தான் டாக்டர்," என்றார் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் அந்தோணி. "பத்து வயசுப் பொண்ணு, அதுக்கு மேல விடமாட்டேன். திங்களும் வியாழனும் லீவு."

பிள்ளையார்பாளையம் சைக்கிள் கடைக்காரன் தணிகாசலம் தரையைப் பார்த்தான். அவன் மகள் தேவகி பெஞ்சில் உட்கார்ந்து, வீங்கிய வலது காலைப் பாவாடையால் மூடிக்கொண்டாள். செங்கல்பட்டில் மாவட்டப் போட்டிக்கு இன்னும் ஒன்பதே நாள்.

ஒரு மைலாம், லீவாம்! இந்த வாத்தியாரை நம்பினால் கப்பு வந்த மாதிரிதான் என்று மூன்று மாதம் முன்பே தணிகாசலம் முடிவு கட்டியிருந்தான். அன்றிலிருந்து தினமும் விடிவதற்கு முன் மகளை கேரியரில் உட்காரவைத்து செவிலிமேட்டுக்கு மிதித்தான். பாலாற்று மணலில் மூன்று மைல். லீவு நாளில் நான்கு. 'சார் கிட்ட மூச்சு வுடாதே' என்று சத்தியம் வேறு. கால் நோவுதுப்பா என்றபோது வேப்பெண்ணெய் தடவினான். மறுநாளும் ஓடவிட்டான்.

"ஒரு மைலுக்கு எலும்பு இப்படி ஆகாதே," என்றார் டாக்டர். "கட்டியா இருக்குமோன்னு சந்தேகமா இருக்கு. மெட்ராஸுக்கு எழுதித் தர்றேன். எலும்புல ஒரு துண்டு வெட்டிப் பார்க்கணும். பாப்பா, வேற எங்கயாவது ஓடினியா?"

தேவகி அப்பாவைப் பார்த்தாள்.

"இல்லீங்க. ஸ்கூல்ல மட்டும்தான்."

டாக்டர் பேனாவைத் திறந்தார். பெயர். வயது.

"தப்பு என்னுதுதான்," என்றார் அந்தோணி. "நொண்டிக்கினு வந்தாளே, அப்பவே நான் நிறுத்தியிருக்கணும்."

தணிகாசலம் பேனா முனையையே பார்த்தான். சொன்னால் தெருவே காறித் துப்பும். சொல்லாவிட்டால் கத்தி.

"எழுதாதீங்கம்மா!"

பேனா நின்றது.

"நான்தாம்மா ஓடவுட்டேன். காலைல மூணு மைலு. ஆத்து மணல்ல. இவருக்குத் தெரியாது."

"தினமுமா?"

"தினமும்."

டாக்டர் மறுபடி படத்தைத் தூக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அப்போ இது விரிசல். ஓய்வே இல்லாம ஓடி ஓடி எலும்பு விட்டுப்போச்சு. மாவுக்கட்டு, ஆறு வாரம். அப்புறம் ஒரு படம். என்ன மனுஷன்யா நீ? அவ எலும்பு இன்னும் வளர்ந்துக்கிட்டு இருக்கு."

அந்தோணி திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தணிகாசலத்துக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

தேவகிதான் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "சார், பொய் சொன்னது நானு. எங்கப்பாவை ஒண்ணும் சொல்லாதீங்க சார்."

அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. தணிகாசலம் விடுவிடுவென்று கட்டுப்போடும் அறைக் கதவைத் திறந்து, "வாம்மா" என்று கூப்பிட்டான். அவளும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வலது காலை ஊன்றப்போனாள்.

"யோவ்!" அந்தோணி கத்தினார். "இன்னமும் அவளை நடக்க வைக்கிறியே. தூக்குய்யா!"

தணிகாசலம் ஓடிவந்து தூக்கினான்.