ஹார்டோயோ வாங்கிய கார்டு

இந்தோனேசியாவின் சுரபாயா நகரில் ஹார்டோயோ வீட்டுக் கணினிக்குள் இருபது வருடமாகத் திருட்டு மென்பொருள் நுழைந்ததில்லை. யாரும் இலவசமாகப் போட்டுக்கொள்ளக்கூடிய லினக்ஸ் மட்டும்தான். அந்தப் பெருமை இன்று ஒரு கிராபிக்ஸ் கார்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

மகள் கினாசிக்கு முதல் கார்ட்டூன் வேலை கிடைத்திருந்தது. திங்களுக்குள் ஆடும் எருமை ஒன்றை முடித்துக் கொடுக்க வேண்டும். பழைய கார்டு தாங்கவில்லை. எல்லாரும் வாங்குவதைக் கணினிக் கடைக்காரர் சந்திரா எடுத்து நீட்டியபோது ஹார்டோயோ தலையசைத்து மறுத்தார். லினக்ஸின் கருவான கெர்னலிலேயே டிரைவர் உள்ள கார்டாக, ஏற்கெனவே மூன்று வாரம் படித்துப் பார்த்து வைத்திருந்த ஒன்றை அவரே தேர்ந்தெடுத்தார்.

வீட்டில் மாட்டினால் திரை மங்கலாக, எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவில் வந்தது. எருமை நகரவே இல்லை.

"அப்பா, சொல்லிட்டேன். இன்னிக்குச் சரியாகலன்னா பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட இருக்கிற விண்டோஸ் காப்பியப் போட்டுடுவேன்."

காசு கொடுக்காத காப்பி! ஹார்டோயோ கணினிப் பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு, கடைக்குப் போக மகளின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினார்.

"கோ சந்திரா, பழுதானத என் தலையில கட்டிட்டீங்க!" 'கோ' என்றால் அண்ணன்; ஆனால் அந்தக் கத்தலுக்குக் கடையே திரும்பிப் பார்த்தது.

"பாக், கத்தாதீங்க, மீனுங்க பயந்துக்கும்" என்று, ஐயா என்னும் அந்த 'பாக்' குறையாமலே, மீன் தொட்டியைக் காட்டினார் சந்திரா. கார்டைக் கழற்றிக் கடை மேசையிலிருந்த கணினியில் மாட்டி, ஹார்டோயோவின் பென்டிரைவிலிருந்தே லினக்ஸைக் கிளப்பினார். திரை கண்ணாடி மாதிரி தெளிந்தது. எருமை இடுப்பை ஆட்டியது.

"கார்டு நல்லாத்தானே இருக்கு?"

கார்டை மறுபடி பெட்டியில் பொருத்தியதும், கினாசி அதன் துவக்கக் கோப்பைத் திறந்து விழுந்து விழுந்து சிரித்தாள். கார்டைத் தொடாதே என்று கெர்னலுக்குக் கட்டளையிடும் வரி ஒன்று அதில் இருந்தது. மேலே குறிப்பு: 'பழைய கார்டுக்காக. யாரும் அழிக்கக் கூடாது. ஹார்டோயோ, 2013.'

"யாருப்பா இந்த ஹார்டோயோ? ரொம்பக் கண்டிப்பான ஆளு போல!"

அவர் நிமிர்ந்து நின்று தொண்டையைச் செருமினார். எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "தப்பு என்னோடது. உங்க கடைமேல பழி போட்டேன், கோ. மன்னிச்சுக்கங்க."

சந்திரா கைகூப்பினார். "பாக், வரிய அழிங்க முதல்ல."

அழித்தார். எருமை அவர் பெட்டியிலேயே துள்ளியது.

"விண்டோஸ் வேணாம்ப்பா" என்றாள் கினாசி. "எனக்கு இதுவே போதும்."

"பின்ன?" என்றவர் வாசலில் போன பக்ஸோ வண்டியை, இறைச்சி உருண்டை சூப் விற்பவனை, கைதட்டி நிறுத்தினார். "கடையில எத்தன பேரோ அத்தன கிண்ணம். உருண்டை நெறையப் போடு!"