கோபித்துக்கொண்டு வந்த மண் அணை

திறப்பு விழா முடிந்த அன்று சாயங்காலம் மண் அணை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அதன் மண் முழுக்க என் சோளக்காட்டில் வெட்டியெடுத்தது. வேறு எங்கே போகும்?

அணையைக் கட்டிக் குளம் தேக்கியவர்கள் மீன்பிடிச் சங்கத்தார். டவுன்காரர்கள் வந்து தூண்டில் போட்டு, மீனைப் பிடித்து, அதனோடு போட்டோ எடுத்துக்கொண்டு, திரும்பத் தண்ணீரிலேயே விடுவார்கள். மீனும் ஒத்துழைக்கிறது. பறவைகளும் பார்க்கலாம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். கொக்கு மட்டும் பிடித்த மீனைத் திருப்பி விடுவதில்லை. அதற்கு அவ்வளவு படிப்பு கிடையாது.

விழாவில் பொக்லைன் ஓட்டியவனுக்குப் பொன்னாடை போட்டார்கள். மைக் செட்காரனுக்குப் போட்டார்கள். வெயிலுக்குப் பந்தலில் ஒதுங்கிய வழிப்போக்கன் ஒருவனுக்கும் போட்டார்கள். மண் கொடுத்த எனக்குப் போடவில்லை. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. சங்கத் தலைவர் நாச்சிமுத்து செத்தாலும் போவதில்லை என்று முடிவு செய்ததோடு சரி. அவர் என் மனைவியின் அண்ணன். அணைக்குத்தான் மனசு பொறுக்கவில்லை.

மாட்டுக் கொட்டகையை ஒட்டிப் படுத்துக்கொண்டது. என் மனைவி தெய்வாத்தாள் அதன்மேல் சோளத்தட்டைக் காயப்போட்டாள். குளத்தில் தண்ணீர் நின்ற இடத்திலேயே நின்றது. யாரும் அதைப் போகச் சொல்லவில்லை.

காலையில் நாச்சிமுத்து வந்தார்.

“மச்சா, அணையை அனுப்பி வெய்யுங்க. தூண்டில்காரங்க வந்துட்டாங்க. கரையில்லாம எங்க உக்காருவாங்க?”

“நானா கட்டி வெச்சிருக்கறேன்? வந்தாக் கூட்டிட்டுப் போங்க.”

அவர் கூப்பிட்டுப் பார்த்தார். அணை புரண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தது.

“ஒரு துணியப் போத்தியிருந்தா நேத்தே முடிஞ்சிருக்குமில்லீங்கண்ணா?” என்றாள் தெய்வாத்தாள்.

நாச்சிமுத்து போய்ப் பொன்னாடையோடு வந்தார். நான் எழுந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். அவர் என்னைத் தாண்டிப் போய் அதை அணைக்குப் போர்த்தினார். ஒரு முனைக்குக்கூடப் போதவில்லை. ஆனாலும் அணை உடனே எழுந்து அவர் பின்னால் நடந்தது. மண் என்னுடையதுதான், ரோஷம் என்னுடையதல்ல.

மத்தியானம் குளத்துத் தண்ணீரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. ராத்திரி முழுக்கக் கரையில்லாமல் தனியாக நின்றது அது. மரியாதை மட்டும் கரைக்குக் கிடைத்திருக்கிறது. மீன், நீர்க்கோழி, கொக்கு எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வாசலில் நின்றது. உள்ளே விட்டேன்.

பின்னாலேயே நாச்சிமுத்து ஒரு மூட்டைப் பொன்னாடையோடு வந்து இறங்கினார். முதலில் தண்ணீருக்குப் போட்டார். நான் மறுபடியும் எழுந்து முன்னால் போனேன்.

“வரிசையில வாங்க மச்சா” என்றார்.

மீன்கள் ஏற்கனவே வரிசையில் நின்றிருந்தன. நான் கடைசியில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற கெண்டை, காலையில் பக்கத்து ஊரில் ஒரு பொன்னாடை வாங்கியாகிவிட்டது என்று சொல்லி, இது சாயம் போகாத ரகமா என்று என்னைக் கேட்டது.