அழுக்குப் பொட்டலம்

தூண்டில் ரீல் ரிப்பேர்காரர் அன்று மதியத்துக்குள் ஏழு தடவை எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வந்துவிட்டார். வேலை என்று உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குக்கூட எழாத மனுஷன். பக்கத்துச் சலூன்காரர் கத்தரிக்கோலோடு எட்டிப் பார்த்து, "என்னண்ணே, வயித்துக்கு ஏதாச்சும் ஒத்துக்கலையா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லப்பா, நீ போய் முடியை வெட்டு" என்று எரிந்து விழுந்துவிட்டு உள்ளே வந்தார்.

வயிறு நன்றாகத்தான் இருந்தது. மேசைமேல் பிரித்துக் கிடந்த, தூண்டில் நூல் சுற்றும் ரீல்தான் அவரை உட்காரவிடவில்லை.

அது அவருடைய தங்கை புருஷனின் ரீல். "லீவு நாளானா சோபாவை விட்டு எழுந்திருக்க மாட்டேங்கறார்ணா" என்று தங்கை புலம்பியதைக் கேட்டு, போன வருஷம் இவரேதான் வாங்கி, இவர் கையாலேயே கிரீஸ் வைத்து, நூல் சுற்றி மாப்பிள்ளைக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து மாப்பிள்ளை ஞாயிறு தவறாமல் விடியுமுன்னே ஏரிக்குக் கிளம்பிவிடுவார், பொழுது சாயத்தான் திரும்புவார். சோபாவிலிருந்து ஒரு மனுஷனைக் கிளப்பிவிட்டோம் என்று ரிப்பேர்காரருக்கு ஏகப் பெருமை. தெருவில் ஒருத்தரை விடாமல் சொல்லித் தீர்த்தாயிற்று.

காலையில் தங்கை வேலைக்குப் போகிற வழியில் வந்து ரீலை மேசைமேல் வைத்தாள். "அவருக்குத் தெரியாம எடுத்துட்டு வந்திருக்கேன். ஒரு வருஷம் ஆச்சுல்ல, சுத்தம் பண்ணி வை. சாயந்திரம் வாங்கிக்கறேன்" என்றாள். வேறு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள். அது அவள் வழக்கமில்லை. அப்போது அவருக்கு அது உறைக்கவில்லை.

ரீலின் பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் உறைத்தது.

உள்ளே பல்சக்கரத்தில் சிவப்பு கிரீஸ் வைத்தது வைத்தபடி இருந்தது. அந்த டப்பா தீர்ந்தே பத்து மாதம் ஆகிறது, இப்போது அவர் பயன்படுத்துவது வெள்ளை. சரி, உள்பக்கம் என்றால் ஒரு வருஷம் தாங்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு முன்பக்கம் போனார். நூலை ஒரே இடத்தில் குவியவிடாமல் இடமும் வலமுமாக நடத்திப் பரப்பும் பகுதி அது. குறுக்கும் மறுக்குமாகப் பள்ளம் வெட்டிய ஒரு தண்டு, அந்தப் பள்ளத்தில் ஓடுகிற அரிசி அளவுப் பல். ஈர நூல் உரசிக்கொண்டு போவதால் அழுக்கு முதலில் குடியேறுவது அங்கேதான். நாலு ஞாயிறு ஏரியில் வீசினாலே பள்ளத்தில் கறுப்பாகச் சேறு அப்பியிருக்கும். ஒரு வருஷம் என்றால் கேட்கவே வேண்டாம்.

பஞ்சுக் குச்சியைப் பள்ளத்தில் விட்டு இழுத்தார். போன நிறத்திலேயே திரும்பி வந்தது. பல்லை எடுத்து விளக்கில் பிடித்தார். முனை மழுங்கவே இல்லை. உருளையில் நூல் அவர் சுற்றிய வரிசை கலையாமல் அப்படியே இருந்தது. ரீல் ஒரு நாள்கூடத் தண்ணீரைப் பார்க்கவில்லை.

அப்படியானால் ஐம்பது ஞாயிற்றுக்கிழமை இந்த ஆள் எங்கே போனார்?

இரண்டு வாரம் முன்பு மாப்பிள்ளை இவர் வீட்டுக்கும் மீன் கொண்டுவந்து கொடுத்தார். செதில் சீவி, வயிறு கீறி, கழுவிய மீன். "ஏரியிலயே வேலையை முடிச்சுட்டேன் மச்சான், அக்காவுக்கு எதுக்குச் சிரமம்?" என்றார். அந்தப் பொறுப்பை நினைத்து இவர் உருகிப் போனார். இருபது வருஷமாக மீன் பிடிக்கிறவர்களோடு மட்டுமே பழகுகிறவர், ஐஸில் கிடந்த கடை மீனைக் கண்டுபிடிக்கத் துப்பில்லாமல் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பொறுக்க முடியாமல் போனை எடுத்தார்.

"மாப்பிள்ளை, சும்மாதான் கூப்பிட்டேன். ரீல் எப்படி ஓடுது?"

"அதை ஏன் கேட்கறீங்க மச்சான், வெண்ணெய் மாதிரி ஓடுது! போன ஞாயிறு பாருங்க, கை நீளத்துக்கு ஒண்ணு. கரைக்கிட்ட வந்து நூலை அறுத்துட்டுப் போயிடுச்சு. மனசே ஆறல."

கண்ணெதிரே அறுபடாத நூல் பளபளவென்று கிடந்தது. "அடடா" என்றார் ரிப்பேர்காரர். போனை வைத்துவிட்டார்.

தங்கையிடம் சொல்வதா, வேண்டாமா? சொன்னால் அவள் குடும்பத்தில் தன் கையாலேயே கொள்ளி வைத்ததாகும். வாயை மூடிக்கொள்ளலாம் என்றால் அவருடைய வழக்கமே குறுக்கே நின்றது. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளர், "வெளியே துடைச்சுட்டுக் காசு வாங்கறே" என்று சொல்லிவிட்டார். ரோஷத்தில் அன்றிலிருந்து, ரீலுக்குள்ளிருந்து சுரண்டிய அழுக்கை வெள்ளைத் தாளில் மடித்து, ஆள் பெயரும் தேதியும் எழுதிக் கூடவே கொடுப்பார். அழுக்குப் பொட்டலம் என்றால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். தங்கைக்குத் தெரியாதா?

மறுபடி வாசல், மறுபடி மேசை. பேரிங்குகளுக்கு ஆளுக்கொரு சொட்டு எண்ணெய் விட்டார். தண்டில் எண்ணெய் கூடிப்போனது. கூடினால் மண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்ளும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், துடைத்துவிட்டு மறுபடி விட்டார். மூடியை மாட்டியபின் பல்லை வைக்காதது தெரிந்தது. திரும்பப் பிரித்தார்.

நாலு மணிக்கு ஒரு முடிவுக்கு வந்தார். ஆணியில் துறைமுகக் கிரேன் டிரைவரின் ரீல் தொங்கியது. பராமரிப்பு என்றால் என்னவென்றே தெரியாத ஆள், தண்டெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. அதைச் சுரண்டினார். பொடியும் மணலுமாக நிறையவே வந்தது. மடித்து, மாப்பிள்ளை என்று எழுதி, ரீல் பக்கத்தில் வைத்தார். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தங்கை வந்தாள். ரீலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"பொட்டலம் எங்கே?"

"அந்தா இருக்கு பார். அப்பப்பா, எவ்வளவு அழுக்கு! மாப்பிள்ளை ஏரியையே கலக்கிட்டார் போல" என்று அளவுக்கு மீறிச் சிரித்தார்.

அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு விரல் நுனியால் பொடியைத் தொட்டு நாக்கில் வைத்தாள். கேன்டீனில் தினமும் இருநூறு பேருக்குச் சமைக்கிற நாக்கு அது.

"ஏண்ணா, ஏரித் தண்ணி எப்பலேர்ந்து உப்புக் கரிக்குது?"

"இல்லம்மா, இப்பல்லாம் தண்ணி..."

"என்கிட்டயே உப்புல ஏமாத்தறியா?" தாளை மேசைமேல் வைத்தாள். குரல் உயரவில்லை. "கிரேன்காரர்துதானே இது? போன தடவை வந்தப்பவே வெள்ளையாத் தொங்கிட்டிருந்துச்சு."

ரிப்பேர்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு வருஷமா வெயில்ல நிக்கறேங்கற மனுஷனுக்குக் கழுத்து கறுக்கல. சட்டையில மீன் வாடை இல்ல. கேட்டா, உனக்கு எப்பவும் சந்தேகம், டாக்டரைப் பாருன்னு சொல்றார். சொல்லிச் சொல்லி எனக்கே பயம் வந்துடுச்சு, நிஜமாவே எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சோன்னு. நீ மட்டும் உள்ளே இருக்கறதை இருக்கறபடி சொல்லுவேன்னுதான் உன்கிட்ட கொண்டுவந்தேன். நீயும் சேர்ந்து என்னைப் பைத்தியம் ஆக்கப் பார்த்தியேண்ணா."

அந்த வார்த்தை அவரைச் சுட்டது. அவள் குடும்பத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து அவளையே குழியில் தள்ளப் பார்த்திருக்கிறார்.

"சொல்லு. உள்ளே என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமே இல்லம்மா. நான் வெச்ச கிரீஸ் அப்படியே இருந்துச்சு. ஒரு தடவைகூட வீசல."

தங்கை ஸ்டூலில் உட்கார்ந்தாள். நீளமாக மூச்சு விட்டாள். "அப்போ எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"இப்பவே போய் அந்த ஆளை..." என்று அவர் எழுந்தார்.

"நீ உட்காரு. கேட்கவேண்டியது நான்." அவள் தாளை எடுத்துப்போய் வாசலில் உதறினாள். பொடி தெருவோடு போயிற்று. வெறும் தாளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "இதை மடிச்சுக் குடு. எல்லாருக்கும் குடுக்கற மாதிரி. அவர் பேரு இருக்கு, தேதியும் போடு. ரீலை அண்ணன்கிட்ட குடுத்தேன், உள்ளே இவ்வளவுதான் இருந்துச்சாம்னு அவர் கையில குடுத்துக்கறேன்."

அவர் தேதி எழுதினார். மடித்தார். உள்ளே ஒன்றும் இல்லாததால் மடிப்பு நிற்காமல் திறந்துகொண்டே இருந்தது. மூன்றாவது தடவை தங்கையே வாங்கி, ஓரத்தை நகத்தால் அழுத்தி மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். ரீலையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.