பான்ஸ்கோவுக்குப் பஸ் இல்லாத நாள்

மகேசன் பனியில் வேலை செய்யத் தொடங்கிப் பத்து வருடம் தாண்டிவிட்டது. ஆனால் வானத்திலிருந்து பனி விழுந்து அவன் பார்த்ததேயில்லை. துபாயில் ஒரு பெரிய மாலுக்குள், கூரைக்குக் கீழே, குளிரூட்டிக் கட்டிய சறுக்குமேடு ஒன்று இருந்தது. சாவகச்சேரியிலிருந்து வந்த புதிதில் அங்கே வாடகைச் சப்பாத்துகளைத் துடைத்து அடுக்கும் வேலைதான் அவனுக்குக் கிடைத்தது. ஆட்கள் குறைந்த பொழுதுகளில் மேட்டில் ஏறி, விழுந்து, எழும்பி, அங்கிருந்த ஆசிரியர்களைக் கேட்டுக் கேட்டுப் பழகி, கடைசியில் தானே ஆசிரியனாகிவிட்டான். புதிதாக வருகிறவர்களுக்கு ஸ்கீ என்ற நீளச் சறுக்குக் கட்டைகளை மாட்டிவிட்டு, எப்படி விழுவது, விழுந்தால் எப்படி எழும்புவது என்று சொல்லிக்கொடுப்பது இப்போது அவன் வேலை.

அவன் மனைவி சுகந்தா அங்கே அதிகம் போகிறவள் அல்ல. அவளுக்குக் குளிர் ஆகாது. அல் குசைஸில் ஒரு சரக்கு அலுவலகத்தில் அவளுக்கு வேலை. ஜெபல் அலித் துறைமுகத்திலிருந்து ஒரு சரக்குப் பெட்டியை மொம்பாசாவுக்கோ தார் எஸ் சலாமுக்கோ அனுப்ப எந்த வழி மலிவு என்று நாள் முழுக்கத் தேடுவாள்.

ஒரு பெருநாள் விடுமுறையில், டியூட்டி முடிந்ததும் அவனோடு சேர்ந்து வீட்டுக்குப் போகலாமென்று சுகந்தா மாலுக்குப் போயிருந்தாள். மகேசன் ஒரு பெண்ணுக்குப் பாடம் முடித்துவிட்டு வெளியே வந்தான். ஷியாமளா என்று பெயர், சென்னைக்காரி. நல்ல மனுஷி என்பது முகத்திலேயே தெரிந்தது.

"மாஸ்டர், அடுத்த வாரம் நாங்க ஆஸ்திரியா போறோம். உங்களாலதான் தைரியமாப் போறேன்," என்றாள். "நீங்க எந்த மலையில கத்துக்கிட்டீங்க?"

"இஞ்சதான்," என்றான் மகேசன்.

"இங்கேயேவா? வெளியில ஸ்கீ பண்ணதே இல்லையா?"

"இல்லை, மேடம்."

அவள் கேட்டதில் கேலி இல்லை. அவன் சொன்னதிலும் வருத்தம் இல்லை. ஆனால் வீடு திரும்பும் மெட்ரோவில் சுகந்தாவுக்கு அதே பேச்சு காதில் நின்றது.

"உங்களுக்கு ஆசையில்லையோ?" என்று கேட்டாள்.

"என்னத்துக்கு?"

"உண்மையான மலையில சறுக்க."

மகேசன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். "ஆசை இருக்குத்தான். அதெல்லாம் காசுக்காரரின்ர விளையாட்டு, சுகந்தா. நீர் விடும்."

சுகந்தா விடவில்லை. மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சுவிட்சர்லாந்தைத் தேடினாள். பிறகு பிரான்ஸ், பிறகு இத்தாலி. ஒவ்வொரு மலையின் படத்தையும் பார்த்து வாய் பிளப்பாள். அங்கே போகும் செலவைப் பார்த்துப் பக்கத்தை மூடிவிடுவாள். விமானத்துக்குக்கூட எப்படியாவது வழி பிறக்கும் போலிருந்தது. இறங்கிய பிறகு மலைக்குப் போகத்தான் வழியில்லை. எல்லா இடத்திலும் வாடகைக் கார் எடு என்றார்கள். இருவருக்குமே கார் ஓட்டத் தெரியாது.

பக்கத்து மேசை ஸ்வாதி இதை ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூர்ப் பெண், அலுவலகத்திலேயே இளையவள்.

"அக்கா, நீங்க மலையைப் பாத்துட்டு டிக்கெட் தேடுறீங்க. டிக்கெட்டைப் பாத்துட்டு மலையைத் தேடுங்க."

சுகந்தாவுக்குப் பொறி தட்டியது. இதைத்தானே பெட்டிகளுக்கு நாள்தோறும் செய்கிறோம் என்று தோன்றியது. அன்றிலிருந்து தன்னையும் மகேசனையும் இரண்டு பெட்டிகளாக நினைத்துக்கொண்டாள். மார்ச் மாதம், வார நடுவில், துபாயிலிருந்து எந்த ஐரோப்பிய ஊருக்கு மலிவாகப் பறக்கலாம்? அந்த ஊரிலிருந்து பஸ்ஸோ ரயிலோ ஏறிப் பனிக்குப் போக முடியுமா? இந்த இரண்டு கேள்விகள்தான். கிராக்கோவ் வந்தது, புடாபெஸ்ட் வந்தது. கடைசியில் பல்கேரியாவின் சோபியா வந்து நின்றது. விமான நிலையத்துக்குள்ளேயே மெட்ரோ. மெட்ரோவில் போனால் பஸ் நிலையம். அங்கிருந்து மூன்று மணி நேரத்தில் பான்ஸ்கோ என்ற மலையூர். பஸ் நிறுத்தத்திலிருந்து தங்குமிடத்துக்கு நடந்தே போய்விடலாம்.

வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. செப்டெம்வ்ரி என்ற ஊரிலிருந்து ஒரு சின்ன ரயில் பாதை மலைக்குள் போய்த் தன்னைத்தானே சுற்றி, முடிச்சுப் போட்ட நூல்போல் நெளிந்து, பான்ஸ்கோவைத் தொட்டது. குறுகிய தண்டவாளம், ஐந்து மணி நேரப் பயணம். யார் இதில் போவார்கள் என்று நினைத்தாள். ஆனாலும் அந்தக் கோட்டை விரலால் தொடர்ந்து கடைசிவரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸைத் தேர்ந்தெடுத்தாள்.

மகேசனிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை. "எங்கட பாஸ்போட்டுக்கு விசா தருவாங்களே?"

"கேட்டுப் பாப்பம். இல்லையெண்டு சொன்னா அப்ப அழுவம்."

விசா அலுவலகத்தில் எல்லாம் கேட்டார்கள். கார் எடுக்கவில்லையா என்றும் கேட்டார்கள். மெட்ரோ, பஸ், பிறகு நடை என்று சுகந்தா சொன்னாள். பாஸ்போட் திரும்பி வந்த அன்று மகேசன் அந்தப் பக்கத்தைத் திறந்து விசாவை விரல் நுனியால் தடவிப் பார்த்தான். அடுப்பில் கறி வைத்ததை இருவருமே மறந்து, அது அடிப்பிடித்துப் போனது.

ஆளுக்கொரு சின்னப் பை மட்டும்தான் அந்த டிக்கெட்டில் இலவசம். ஆகவே கொண்டுபோகும் உடுப்பில் பாதியை உடம்பிலேயே போட்டுக்கொண்டார்கள். துபாய் வெயிலில் இரவல் ஜாக்கெட்டோடு விமான நிலையத்துக்குள் நுழைந்த இருவரையும் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சோபியாவில் எல்லாம் சுகந்தா திட்டமிட்டபடியே நடந்தது, பஸ் நிலையம் வரைக்கும். அங்கே டிக்கெட் ஜன்னலில் இருந்த அம்மா கையை விரித்தாள். மலைப்பக்கம் கடும்பனி, பாதையை மூடிவிட்டார்கள், இன்றைக்குப் பஸ் கிடையாது. கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினாள்.

சுகந்தா பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வெளியே குளிர் கன்னத்தை அறைந்தது.

"பரவாயில்லை," என்றான் மகேசன். "இந்த ஊரையெண்டாலும் பாப்பம். இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு."

அவன் அப்படிச் சொன்னதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"பஸ்ஸுக்குத்தானே பாதையை மூடினவங்கள்," என்றாள். "ரயிலுக்கு மூடேல்லையே. வாங்கோ."

ரயில் நிலையம் பக்கத்திலேயே இருந்தது. ஜன்னலில் போய் "பான்ஸ்கோ" என்றாள். உள்ளே இருந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "செப்டெம்வ்ரி, பிறகு மாற்று," என்று விரலால் வளைத்துக் காட்டி இரண்டு டிக்கெட் கொடுத்தார். பஸ்ஸைவிட மலிவு.

செப்டெம்வ்ரியில் நின்றிருந்த சின்ன ரயிலைப் பார்த்து இருவருக்கும் சிரிப்பு வந்தது. பெட்டிகள் அவ்வளவு குட்டை, தண்டவாளம் அவ்வளவு குறுகல். சந்தைப் பையோடு சில கிழவிகள், பள்ளிக்கூடப் பெண்கள் சிலர், இவர்கள் இருவர். ரயில் மெதுவாகக் கிளம்பியது. முதலில் வயல்கள். பிறகு ஆறொன்று கூடவே வந்தது. பிறகு இரண்டு பக்கமும் பாறைச் சுவர் எழும்பி வானத்தை ஒரு கீற்றாக ஒடுக்கிவிட்டது.

மேலே போகப் போக வெள்ளை கூடியது. முதலில் மரத்தடிகளில் திட்டுத்திட்டாக. பிறகு தரை முழுக்க. பிறகு பைன் மரங்களின் ஒவ்வொரு கிளையிலும் பாரமாக. ரயில் ஒரு சுரங்கத்துக்குள் புகுந்து, இருட்டில் வளைந்து வெளியே வந்தது. சற்று முன் கடந்துவந்த தண்டவாளம் கீழே கிடந்தது. இன்னொரு சுரங்கம், இன்னொரு வளைவு. அதே தண்டவாளம் இன்னும் கீழே. கணினித் திரையில் விரல் வைத்துத் தொடர்ந்த அந்த முடிச்சுக்குள்தான் இப்போது ஏறிக்கொண்டிருக்கிறோம் என்பது சுகந்தாவுக்கு விளங்கியது. மலையைக் குடைந்து இப்படிச் சுற்றிச் சுற்றி ஏற்ற வேண்டுமென்று நினைத்தவர்கள் யாராக இருக்கும்? மூச்சை அடக்கியபடி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள்.

மகேசன் கண்ணாடியில் படியும் ஆவியைக் கையுறையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவ்ரமோவோ என்ற சின்ன நிலையத்தில் ரயில் நின்றது. பாதையிலேயே உயரமான இடம் அது. எதிரே வரும் ரயிலுக்காகக் காத்திருக்க வேண்டும். சிவப்புத் தொப்பி போட்ட நிலைய அதிகாரி விளக்குக் கம்பத்தடியில் நின்று சிகரெட் புகைத்துக்கொண்டிருந்தார். பனி விழுந்துகொண்டிருந்தது.

மகேசன் கதவண்டை போய் நின்றான். அதிகாரி பார்த்துவிட்டு, இறங்கலாம் என்று தலையால் சைகை செய்தார்.

அவன் இறங்கினான். பின்னாலேயே சுகந்தாவும் இறங்கினாள். காற்றில்லை. பெரிய பெரிய துகள்கள், ஒன்றுக்கும் அவசரமில்லாததுபோல், நேராக இறங்கிக்கொண்டிருந்தன. மகேசன் கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை நீட்டினான். ஒரு துகள் வந்து அமர்ந்தது. கரைந்தது. இன்னொன்று வந்தது.

"சத்தமேயில்லை, சுகந்தா," என்றான் மெல்ல.

அவளும் கையுறையைக் கழற்றினாள்.

"எங்கட இடத்தில பனியை மெஷினால அடிப்பாங்கள். காது கிழியும். பனியெண்டா அந்தச் சத்தத்தோடதான் வருமெண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்."

அண்ணாந்து பார்த்தான். சுகந்தாவும் பார்த்தாள். சாம்பல் வானத்தின் ஏதோ ஓர் ஆழத்திலிருந்து புறப்பட்டு, கண்ணுக்கு எட்டும் தூரமெல்லாம் நிரப்பிக்கொண்டு, அவ்வளவும் ஓசையில்லாமல் வந்துகொண்டிருந்தது. யாரும் கேட்காமல், யாருக்காகவும் இல்லாமல். அவள் கண் இமையில் ஒன்று விழுந்தது. குளிர் என்ற நினைப்பே அவளுக்கு அப்போது இல்லை. அதிகாரி சிகரெட்டை அணைத்துவிட்டு, இருவரையும் பார்த்துச் சிரித்தபடி உள்ளே போனார்.

எதிர் ரயில் வந்து கடந்தது. தலை, தோள், புருவமெல்லாம் வெள்ளையாக அவர்கள் பெட்டிக்குத் திரும்பியபோது, கிழவியொருத்தி தன் பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்து மகேசன் கையில் வைத்தாள்.

மறுநாள் காலை பான்ஸ்கோவில் வானம் வெளுத்திருந்தது. மகேசன் வாடகை ஸ்கீயைத் தோளில் வைத்துக்கொண்டான். இருவரும் கம்பிவடப் பெட்டியில் ஏறி மேலே போனார்கள். கம்பிவடம் முடியும் இடத்தில் இறங்கியதும் முன்னால் விஹ்ரென் சிகரம் நின்றது. அண்ணாந்து பார்த்தாலும் பார்வைக்குள் அடங்கவில்லை. அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் வேறொன்று. எல்லாம் வெயிலில் பற்றி எரிவதுபோல் வெள்ளை. மகேசன் ஸ்கீயை மாட்டினான். ஆனால் நகரவில்லை. மற்றவர்கள் அவனைக் கடந்து கடந்து இறங்கிப் போனார்கள்.

"பயமா இருக்கோ?" என்று கேட்டாள் சுகந்தா.

"பயமில்லை. எங்க பாக்கிறதெண்டு தெரியேல்லை."

"கீழ பாருங்கோ. பிள்ளையளுக்கு அதைத்தானே சொல்லிக் குடுக்கிறனியள்."

அவன் சிரித்தான். கண்ணாடியை இறக்கிக்கொண்டு கிளம்பினான்.

மாலில் சப்பாத்து நாற்றத்தோடும் கால் வலியோடும் வீடு வரும் மனிதனைத்தான் சுகந்தாவுக்குத் தெரியும். இப்போது மலைச்சரிவில் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து, கையெழுத்துப் போடுவதுபோல் இறங்கிக்கொண்டிருந்த ஆளை அவள் முன்பு பார்த்ததில்லை. முழங்கால் மடிவதும் நிமிர்வதும் மூச்சுவிடுவதுபோல் இருந்தது. அந்தப் பெரிய மலை அவனுக்கு இடம் கொடுத்து விலகுவதுபோலவும் இருந்தது. இவ்வளவு காலம் ஒரே வீட்டில் இருந்து எனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று நினைத்தாள். அவன் ஒரு புள்ளியாகி, மரங்களுக்குள் போய்விட்டான்.

அவள் தனியாகக் கம்பிவடப் பெட்டியில் கீழே இறங்கினாள். காட்டினூடாக ஊருக்குப் போகும் சறுக்குப்பாதை காலுக்குக் கீழே தெரிந்தும் மறைந்தும் வந்தது. ஓரிடத்தில் அவனைக் கண்டாள். பாதையோரமாக நின்று தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, வந்த வழியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டி நகர்ந்தது. மரங்கள் அவனை மறைத்தன.

ஊரடியில் அவள் நெடுநேரம் காத்திருந்தாள். கடைசியில் வந்தான். முகம் சிவந்து, மூக்கு வழிந்து, கண் கலங்கியிருந்தது. குளிராலோ வேறு எதனாலோ.

"எப்பிடி?"

மகேசன் மூக்கைத் துடைத்தான். கையை மலைப்பக்கம் நீட்டினான். பிறகு மிகத் தணிந்த குரலில் கேட்டான்:

"இன்னொருக்காப் போகட்டோ?"

"போங்கோ," என்றாள் சுகந்தா. "நானும் மேல வாறன். இந்த முறை அந்தக் கட்டையளை எனக்கும் வாங்கித் தாங்கோ. விழுறதெப்பிடியெண்டு முதல்ல சொல்லித் தாங்கோ."