மச்சானின் ரேஸ் சைக்கிள்

"டமால்!"

எதிர்வீட்டு நாய் குரைக்கவே மறந்துபோனது. ஷெட்டில் மேஜையோடு திருகி வைத்திருந்த இரும்புக் கவ்வியான பெஞ்ச் வைஸ், பலகையைப் பெயர்த்துக்கொண்டு தரைக்கு வந்திருந்தது. அதன் வாயில் கடிபட்ட சீட்டோடு சைக்கிள் தலைகீழாகக் கிடந்தது. சைக்கிளுக்கு அடியில் அவன்.

கையில் ஈரத் துணியோடு மனைவி ஓடிவந்தாள்.

"உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன். சீட் கழண்டு வந்துச்சான்னு பாரு."

"மேஜைதான் வந்திருக்கு."

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன் அவன். மயிரிழை பிசகினாலும் பொறுக்காத கை. அந்தக் கைக்கே தண்ணி காட்டியது இந்த சீட் குழாய்.

மாமனார் வீட்டைக் காலி செய்தபோது ஒரு மூட்டைப் பாத்திரத்தோடு வந்து சேர்ந்த சைக்கிள் அது. "அண்ணனோடது" என்று சொல்லி மனைவிதான் ஷெட்டின் கொக்கியில் மாட்டினாள். எஃகு ஃபிரேம், அப்பளம் மாதிரி மெல்லிய டயர், ஆட்டுக் கொம்பாய் வளைந்த ஹேண்டில் பார். சுத்தமான ரேஸ் சைக்கிள். தார் ரோட்டைவிட்டு இறங்கினால் பல்லெல்லாம் ஆடும்.

ஞாயிறுதோறும் கால்வாய்க்கரை மண்பாதையில் தன் சைக்கிளை மிதித்துவிட்டு வந்து, "பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் இல்லை" என்று அவன் புலம்புவது வழக்கம். ஒருநாள் சாப்பிடும்போது மனைவி சொன்னாள்: "அண்ணன் சைக்கிள் சும்மாதானே தொங்குது? தடி டயர் போட்டா மண்ணுல போகாதா?"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டான். மச்சானைத் துணைக்கு இழுத்துவிடலாமே!

தடி டயர் போட்டால் ஃபிரேமில் உரசியது. சக்கரத்தையே சின்னதாக மாற்றினான். இப்போது பிரேக் கட்டை ரிம்மை எட்டாமல் டயரைக் கடித்தது. காயலான் கடையில் அரை நாள் கிளறி, நீளக் கை வைத்த பழைய பிரேக் ஒரு ஜோடி தேடிப் பிடித்தான். முதுகு வளையாமல் ஓட்ட ஹேண்டில் பாரை உயர்த்தினான். எல்லாம் ஆயிற்று. சீட் மட்டும் அசையவில்லை. அலுமினியக் குழாய் எஃகு ஃபிரேமுக்குள் வருஷக்கணக்கில் இருந்து ஒன்றோடொன்று பற்றிக்கொண்டுவிட்டது. எண்ணெய் ஊற்றியாயிற்று, வெந்நீர் ஊற்றியாயிற்று, கெஞ்சியும் பார்த்தாயிற்று. கடைசியில் சீட்டை வைஸில் கடிக்கவிட்டு ஃபிரேமைத் திருகியதில்தான் மேஜை பெயர்ந்தது.

மச்சானோ பனைமர உயரம். வந்துகொண்டிருப்பதாகப் போன் வேறு பண்ணிவிட்டார்.

சைக்கிளுக்கு அடியிலிருந்து எழுந்து அவன் ரம்பத்தை எடுத்தான்.

"அறுக்காதீங்க!" மனைவியின் குரலில் இருந்த பதற்றம் அவனை நிறுத்தியது. "உள்ளே ஃபிரேமைக் கீறிட்டீங்கன்னா அவ்வளவுதான். இது மாதிரி ஃபிரேம் திரும்பக் கிடைக்காது."

"வேற வழி? இதுல உங்கண்ணன் ஏறினா முழங்கால் மோவாயில இடிக்கும். எனக்கே குட்டை. எப்படித்தான் இவ்வளவு தாழ்த்தி வச்சு ரேஸ் ஓட்டினாரோ மனுஷன்!"

அவள் ஏற்கெனவே பிழிந்த துணியை இன்னொரு முறை பிழிந்தாள்.

"என்ன மாப்ளே, பூகம்பமா?" வாசலில் தலை குனிந்து உள்ளே நுழைந்தார் மச்சான். பெயர்ந்த மேஜையைப் பார்த்தார், ரம்பத்தைப் பார்த்தார், கடைசியாகத் தங்கையைப் பார்த்தார். "நீ இன்னும் சொல்லலையா?"

"அண்ணா, சும்மா இரு."

"எத்தனை வருஷம் சும்மா இருக்கறது? மாப்ளே, ஊருக்கெல்லாம் கண்ணாடி போடற ஆளு நீங்க. என் காலைப் பாருங்க. அந்த சீட்டைப் பாருங்க."

அவன் வைஸின் பிடியைத் தளர்த்திச் சைக்கிளை நிமிர்த்தினான். சீட்டைப் பார்த்தான், மச்சானின் நெட்டைக் காலைப் பார்த்தான். பிறகு மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் இடுப்புக்கும் சீட்டுக்கும் நூல் பிடித்ததுபோல ஒரே மட்டம்.

அவள் துணியை மேஜைமேல் வீசினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, யோசிக்காமல் காலைத் தூக்கிப்போட்டு ஏறினாள். ஒரு கையால் சுவரைப் பிடித்து, குதிகாலைப் பெடலில் வைத்தாள். கால் நேராக நின்றது. பிரேக்கை ரெண்டு தடவை அழுத்திப் பார்த்தாள்.

"பின் பிரேக் கொஞ்சம் லூஸ்."

அவன் ஹேண்டில் பாரைப் பிடித்தான். "நீ ரேஸ் ஓட்டினியா?"

"ஓட்டினாளாவா?" என்றார் மச்சான். "பின்னாடியே ஸ்கூட்டர்ல தண்ணி பாட்டில் தூக்கிட்டு அலைஞ்சவன் மாப்ளே நான். எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. கடைசி ரேஸ்ல மட்டும், முடிவுக் கோட்டைத் தொட ஒரு சக்கரத் தூரம் இருக்கும்போது..."

"அண்ணா!"

மச்சான் விழுந்து கிடந்த வைஸைத் தூக்கப் போனார்.

அவன் ரம்பத்தை ஆணியில் மாட்டினான். "என்கிட்ட ஏன் சொல்லலை?" என்றான். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தான். வரவில்லை.

அவள் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "தோத்துட்டேன்னு சொன்னா நீங்க உக்காந்து ஆறுதல் சொல்லுவீங்க. எனக்கு ஆறுதல் வேணாம்ங்க... உங்ககூட வர தடி டயர்தான் வேணும்னு இருந்துச்சு."