வலப்பக்கம் நடந்த பிள்ளை

சோளகக் காற்று எழும்பிவிட்டால் மண்கும்பானில் பாதி றோட்டுத்தான் மிஞ்சும். மற்றப் பாதியைக் கடற்கரை மணல் வந்து மூடிவிடும். அல்லைப்பிட்டிப் பக்கமிருந்து ஊர்காவற்றுறைக்குப் போகிறவர்களுக்கு இடப்பக்கம் முழுக்க மணல். புதைந்தால் யார் தள்ளுவது? எல்லாரும் வலப்பக்கம் ஏறி, ஹோர்னை அடித்துக்கொண்டு போய்விடுவார்கள். சட்டம் தெரியாமல் இல்லை. மணலில் சட்டம் ஓடாது, அவ்வளவுதான்.

கார் ஓடப் பழக்கும் மயில்வாகனம் மாஸ்ரரும் அப்படித்தான். ஊருக்குத்தானே உபதேசம்.

அறுபத்தெட்டாம் ஆண்டு ஆனி மாதப் பின்னேரம் ஒன்றில் அவருடைய பழைய ஒஸ்ரின் காரை மருத்துவிச்சி பரிமளம் ஓடிப் பழகிக்கொண்டிருந்தாள். மணல் தொடங்கும் இடத்தில் மாஸ்ரர் வழக்கம்போல, "வலப்பக்கம் எடும் பிள்ளை" என்றார்.

"ஏலாது மாஸ்ரர். அந்தப் பக்கம் முன்னுக்கு ஒரு பிள்ளை நடந்து போகுது."

றோட்டில் ஈ காக்கை இல்லை. பனையும் வெயிலும்தான்.

"ஒருத்தரும் இல்லை. ஹோர்னை அடியும்."

அடித்தாள். காரை மெல்ல உருட்டியபடி இன்னொரு தரம் அடித்தாள்.

"திரும்பிப் பார்க்குதில்லை. ஓரமா, ஒழுங்காத்தான் போகுது. வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல். ஒரு பின்னலிலை மட்டும் சிவப்பு றிபன்."

மாஸ்ரரின் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. மற்ற றிபன் எங்கே இருக்கிறது என்று உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்னர் பள்ளிக்கூடத்தில் றோட்டு ஒழுங்கு படிப்பிக்க அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். "வலப்பக்கம் நடவுங்கோ, எதிரிலை வாறது கண்ணுக்குத் தெரியும். பின்னாலை ஹோர்ன் கேட்டால் திரும்பிப் பாத்துத் தடுமாறாதேங்கோ. அது மற்றப் பக்கத்தாலை போயிடும்" என்றார். முன்வரிசை வாங்கில் இருந்த எமிலி அதைப் பிழையில்லாமல் திருப்பிச் சொன்னாள். மூன்றாம் நாள் இதே மணல், இதே கார், ஓடியவர் அவர். ஹோர்ன் அடித்தார். விலகுவாள் என்று நினைத்தார். அவர் படிப்பித்தபடியே அவள் நேரே நடந்தாள்.

"பிள்ளை குறுக்கை ஓடினது" என்று மரண விசாரணையில் சொன்னார். "என்ரை பிள்ளை ஓடாது" என்றாள் தாய் றோசம்மா. அவள் பேச்சை யாரும் எழுதவில்லை. கார்ச் சில்லில் சுற்றிக் கிடந்த றிபனை அவர் முதலே எடுத்துப் பையில் வைத்துவிட்டார். எறியத் துணிவு வரவில்லை. அன்றிலிருந்து சட்டை மாறினாலும் றிபன் அவருடைய பையில்தான்.

பரிமளம் காரை நிற்பாட்டினாள். "திரும்பிப் பாராதை எண்டு ஆர் இந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தது?"

"நான்தான்" என்றார் மாஸ்ரர்.

திங்கட்கிழமை, பரிமளம் காரை ஓட, யாரும் கூப்பிடாமலே பள்ளிக்கூடத்துக்குப் போனார். வழியில் றோசம்மாவையும் ஏற்றிக்கொண்டார். அவள் வகுப்புக் கதவோரம் நின்றாள். அவர் பிள்ளைகளுக்கு முன்னால் போய் நின்றார்.

"எமிலி குறுக்கை ஓடேல்லை. நான் சொல்லிக் குடுத்தபடிதான் நடந்தவள். பிழையான பக்கத்தாலை வந்தது நான். பொய் சொன்னதும் நான். இனி ஹோர்ன் கேட்டால் நில்லுங்கோ, திரும்பிப் பாருங்கோ, றோட்டை விட்டு இறங்குங்கோ. எந்தப் பக்கம் எண்டு நம்பாதேங்கோ."

யன்னலால் கை காட்டினார். வெளியே காரில் இருந்த பரிமளம் ஹோர்ன் அடித்தாள். அத்தனை பிள்ளைகளும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு எல்லாரும் முன்னுக்குத் திரும்ப, முன்வாங்கில் இருந்த சின்னவள் மட்டும் தன் பக்கத்து வெறும் இடத்தைப் பார்த்தாள். நகர்ந்து இருந்து இடம் விட்டாள்.

"நீரும் இப்ப திரும்பிப் பாத்தனீர்தானே, இரும்" என்றாள். சற்றுப் பொறுத்து, "உம்மடை மற்ற றிபன் எங்கை?"

றிபன் கதையை மட்டும் அவர் சொல்லியிருக்கவில்லை. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. நிறம் மங்கிய றிபனை எடுத்து றோசம்மாவிடம் நீட்டினார். அவள் அதை நெடுநேரம் பார்த்தாள், வாங்கவில்லை.

"என்னட்டை ஏன் தாறியள்?" என்று முன்வாங்கைக் காட்டினாள். "அங்கை குடுங்கோ."