கொடிக்காரனின் நாற்பத்து நான்கு நிமிஷம்

1964ஆம் வருஷம் மே மாதம் ஒன்பதாம் தேதியிலிருந்து யாகப்பன் ஒரு நாளைக்கு நாற்பத்து நான்கு நிமிஷம்தான் உயிரோடு இருந்தான். ஆட்டத்துக்குப் பதினொரு நிமிஷம், நாளைக்கு நாலு ஆட்டம். மீதி நேரமெல்லாம் திருவண்ணாமலை ரோட்டோரத்துப் பூங்காவின் தகரக் கொட்டகையில், குதிரைகளின் தீனித் தொட்டிக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்தான். அந்த வருஷம் செஞ்சி பஜாரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விலை ஏறியிருந்தது. பனமலை ஏரி சித்திரையிலேயே வற்றிவிட்டது. ஊரில் பேச வேறு விஷயங்களும் இருந்தன என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பூங்காவைத் தொடங்கியவர் கோதண்டராமன். திண்டிவனத்தில் அரிசி மில் வைத்திருந்தவர். கோட்டை பார்க்க வருகிறவர்கள் மலையேறி இறங்கி, பார்க்க ஒன்றுமில்லை என்று பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள் என்பதைக் கவனித்து, செஞ்சியின் கிருஷ்ணகிரி மலையடிவாரத்தில் நாலு ஏக்கரை வளைத்துப் பனையோலைத் தட்டி கட்டினார். உள்ளே ஒரு ராட்டினம், ஒரு கண்ணாடி அறை, நடுவில் மண் மேடை. மேடையைச் சுற்றிப் பலகை போட்ட பந்தல். அந்த மேடையில் காலை பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு மணிக்குக் கோட்டைப் போர் நடந்தது. எந்த ராஜாவின் போர் என்று செஞ்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதிர்வேட்டுப் போட்டதும் ஆட்டம் தொடங்கும். பதினோராவது நிமிஷம் ராஜாவின் கொடிக்காரன் வேல் குத்து வாங்கி விழுவான். பிறகு ராஜா விழுவார். ஜனங்கள் கலைந்து போய் ஐஸ் வாங்குவார்கள்.

ஆட்டத்தில் இருபத்தாறு பேர். கவசங்கள் மண்ணெண்ணெய் டின்னை வெட்டி அடித்தவை. பத்து மணி ஆட்டத்தில் அவை சுடும், பன்னிரண்டு மணி ஆட்டத்தில் தோளில் ஒட்டிக்கொள்ளும். பந்தல், பார்க்க வந்தவர்களுக்குத்தான்; மேடைக்கு நிழல் கிடையாது. தண்ணீர்ப் பானை பந்தலுக்குப் பின்னால் இருந்தது. செத்த சிப்பாய் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தால் ஜனங்களுக்கு நம்பிக்கை போய்விடும் என்று, கடைசி ஆள் வெளியே போகிற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது கோதண்டராமனின் உத்தரவு. மத்தியானங்களில் சில குடும்பங்கள் பந்தலிலேயே உட்கார்ந்து சோற்று மூட்டையைப் பிரிக்கும். அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவுகிற வரை பதினெட்டு சிப்பாய்கள் வெயிலில் பிணமாகக் கிடப்பார்கள். லீவு என்ற பேச்சே கிடையாது.

யாகப்பன் அனந்தபுரத்துக்குக் கிழக்கே ஒரு வேதக்காரத் தெருவைச் சேர்ந்தவன். மல்லாட்டைக் காட்டில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். பெரிய வியாழன் வாரத்தில் ஊர்க் கோயிலில் நடக்கும், ஏசு பாடுபடுகிற நாடகமான பாஸ்காவில் ஈட்டிக்காரனாக நிற்பான். அதைப் பார்த்துத்தான் கோதண்டராமன் கூட்டி வந்தார். முதல் ரெண்டு வருஷம் அவன் சாவு மற்றவர்கள் சாவைப் போலத்தான் இருந்தது. நெஞ்சைப் பிடித்து, சுற்றி, கொடியை நட்டுவிட்டு விழுவான். அந்த மே மாதக் கத்திரி வெயிலில், சனிக்கிழமை பன்னிரண்டு மணி ஆட்டத்தில், எதிரிச் சிப்பாயாக நடிக்கும் தங்கராசு வேலால் குத்தினான். அவன் விழுந்தான். பந்தல் காலியானது. எல்லாரும் எழுந்து தண்ணீருக்கு ஓடினார்கள். யாகப்பன் எழுந்திருக்கவில்லை.

கம்பவுண்டர் வந்து நாடி பார்த்தார், கண்ணிமையை நீக்கிப் பார்த்தார், கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டார். கொட்டகையில் தூக்கிப் போட்டு ஊருக்கு ஆள் அனுப்பினார்கள். ரெண்டு மணிக்கு அதிர்வேட்டுப் போட்டபோது யாகப்பன் எழுந்தான். கொடியை எடுத்துக்கொண்டு மேடைக்கு நடந்தான். பதினொரு நிமிஷம் சண்டை போட்டு, அதுவரை யாரும் பார்த்திராத ஒரு சாவு செத்தான். நாலு மணிக்கும் அப்படியே. அவன் மனைவி ராயம்மாள் மகள் ஜோசப்பினோடு வந்து சேர்ந்தபோது நாலரை. உடம்பு குளிர்ந்திருந்தது.

மறுநாள் காலை ஊர்ச் சாமியார் வந்து எண்ணெய் பூசி ஜெபம் சொல்ல, செஞ்சிக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டு போனார்கள். பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது ஒரு மைல் தூரத்தில் பத்து மணி அதிர்வேட்டு கேட்டது. பெட்டிக்குள்ளிருந்து தட்டும் சத்தம் வந்தது. ஆணியைப் பிடுங்கித் திறந்தார்கள். யாகப்பன் உட்கார்ந்து, சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "மணி இன்னா ஆவுது?" என்று கேட்டான். யாரோ பத்து என்றார்கள். அவன் கல்லறைச் சுவரைத் தாண்டிக் குதித்து ஓடினான். ஒன்பதாவது நிமிஷம் மேடைக்கு வந்து சேர்ந்தான். பதினோராவது நிமிஷம் விழுந்தான். அதற்குப் பிறகு ராயம்மாள் அவனை வேறெங்கும் தூக்கிப் போக விடவில்லை. இருக்கிற உயிரை ரோட்டில் ஓடியே தீர்த்துவிடுவான் என்றாள். நாளைக்கு எழுந்திருக்கப் போகிறவனைப் புதைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று சாமியாரும் சொல்லிவிட்டார்.

ஆட்டம் நன்றாக ஓடியது. யாகப்பன் விழும்போது கண்ணில் வெளிச்சம் போவதை மூன்றாவது வரிசையிலிருந்தே பார்க்கலாம் என்று புதுச்சேரி வரை பேச்சுப் போனது. நெய்வேலியிலிருந்து தனி பஸ் பிடித்து வந்தார்கள். முதல் வாரம் கோதண்டராமன் பயந்துபோய்க் கொட்டகைப் பக்கமே வராமல் இருந்தார். ரெண்டாவது வாரம் வந்து எட்டிப் பார்த்தார். மூன்றாவது வாரம் எல்லாரையும் கூட்டி வைத்து, யாகப்பன் சோறு கேட்கிறானா, தண்ணி கேட்கிறானா, எப்படி வேலை செய்கிறான் பாருங்கள், நீங்களும்தான் சாகிறீர்கள், ஒருத்தன் சாவாவது சாவு மாதிரி இருக்கிறதா என்று கேட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மற்றவர்கள் ஆட்டம் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டுதான் வந்தது. நாக்கு வறண்டு வசனம் விழுங்கினார்கள். ராஜாவின் குதிரை நொண்டியது. செத்தவர்கள் ஈ ஓட்டினார்கள்.

டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவர் தர்மநாதன், மேல்சித்தாமூர்ப் பக்கத்து ஜைனர். எறும்பு மிதிபடாமல் பார்த்து நடக்கிறவர். இவர் ராயம்மாளை டிக்கெட் இல்லாமல் உள்ளே விட்டார். அவள் தினமும் காட்டு வேலை முடிந்து பஸ் பிடித்து நாலு மணி ஆட்டத்துக்கு வந்து, அவன் விழுகிற இடத்துக்கு நேரே கயிற்றோரம் உட்காருவாள். வாளை வீசிக்கொண்டே அவன் அந்தப் பக்கம் வருவான். ஆடு குட்டி போட்டது, கூரை ஒழுகுகிறது, ஜோசப்பினைப் பெண் கேட்டு வந்தார்கள் என்று அவள் சொல்லுவாள். அவன் தலையாட்டிவிட்டு மறுபடி சண்டைக்குப் போவான். ஒரு நாள் அவள் கேட்டாள்.

"அங்க இன்னாதான் இருக்குது?"

"ஒன்னும் இல்ல ராயம்மா. நெழலா இருக்குது, அவ்ளோதான்."

தங்கராசு வேலோடு வந்துவிட்டான். தங்கராசு குத்துகிற மாதிரி காட்டுவதோடு சரி. ஆனால் அந்த வருஷத்திலிருந்து, குத்துகிற நேரத்தில் அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

தர்மநாதன் ஒரு மனு எழுதினார். நிழல் வேண்டும், தண்ணீர் வேண்டும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும், வேலை செய்யும் இடத்தில் ஓர் ஆள் செத்துக்கொண்டிருக்கிறான் என்று நாலு விஷயம். மூன்று மாதம் கழித்து மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவர் வந்தது ரெண்டு மணி ஆட்டத்துக்கு. யாகப்பனைப் பார்த்து, ஆள் திடகாத்திரமாக இருக்கிறான், புகாரில் உண்மை இல்லை என்று எழுதிக்கொண்டார். தர்மநாதன் கெஞ்சிக் கேட்டதால் மூன்று மணிக்குக் கொட்டகைக்கும் வந்தார். இறந்துபோனவர் தொழிலாளி என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று அதையும் எழுதிக்கொண்டார். தாலுகா ஆபீசில் ரேஷன் கார்டிலிருந்து யாகப்பன் பெயரை அடித்தார்கள். விதவை உதவிக்கு ராயம்மாள் போனபோது, உங்கள் வீட்டுக்காரரை நேற்றுத்தான் குடும்பத்தோடு போய்ப் பார்த்தேன், பிரமாதம் என்றார் அங்கிருந்த குமாஸ்தா.

ஜோசப்பினுக்கு 1965 ஆவணியில் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை இருதயநாதன், அனந்தபுரத்தில் கொத்துவேலை செய்கிறவன். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் அவரை விடுங்கள் என்று ராயம்மாள் கோதண்டராமனிடம் போய் நின்றாள். அவர் கோபப்படவில்லை. "வுடலாம். வேட்டு போடலன்னா எந்திரிக்க மாட்டானே. பொணத்த வெச்சி கல்யாணம் பண்ணுவியா?" என்றார். ராயம்மாள் ஊருக்குப் போய், பூசை முடிந்ததும் பூங்காவுக்கு வர ஒரு மாட்டு வண்டி பேசினாள்.

காலையில் கோயிலில் பூசை முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு மாட்டு வண்டியில் பூங்காவுக்கு வந்தார்கள். ரெண்டு மணி ஆட்டம். ஏழாவது நிமிஷம் யாகப்பன் வாளைக் கீழே போட்டுவிட்டுக் கயிற்றிடம் வந்தான். ஜோசப்பின் முட்டி போட்டாள். மகள் நெற்றியில் சிலுவை போட்டு, "நல்லா இரும்மா" என்றான். அவள் "நைனா" என்றாள். அவன் கையை எடுக்காமல் நின்றான். பன்னிரண்டு, பதின்மூன்று என்று நிமிஷம் ஓடியது. தங்கராசு வேலைத் தூக்கியபடி மரமாக நின்றுகொண்டிருந்தான். பின்வரிசையில் விசில் அடித்தார்கள். முன்வரிசையில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு யாகப்பன் தானாகவே திரும்பிப் போய் வேலுக்கு முன்னால் நின்றான்.

கோதண்டராமன் பார்த்தது முன்வரிசையை. அடுத்த வாரத்திலிருந்து ஆட்டத்தில் ஒரு கல்யாணப் பெண் சேர்ந்தாள். கலைந்துபோன நாடகக் கம்பெனியிலிருந்து சுந்தராம்பாள் என்ற பெண்ணை அழைத்து வந்து மாலை போட்டு, ஏழாவது நிமிஷம் கயிற்றோரம் முட்டி போட வைத்தார்கள். யாகப்பன் அவள் நெற்றியில் சிலுவை போட்டு நல்லா இரும்மா என்று சொல்ல வேண்டும், நாளைக்கு நாலு முறை. அவள் முதலில் மேடை ஏறியது ஒரு நாலு மணி ஆட்டத்தில். அவன் சுந்தராம்பாளைப் பார்த்துவிட்டுக் கயிற்றோரம் இருந்த ராயம்மாளைப் பார்த்தான். ராயம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜனங்கள் காத்திருந்தார்கள். அவன் கையைத் தூக்கினான். அதற்குப் பிறகு ஒரு வாரம் ராயம்மாள் வரவில்லை. வந்தபோது, "அதுவும் யாரோ பெத்த பொண்ணுதானே" என்றான் அவன். நியாயமாகத்தான் பட்டது, ஆனாலும் அவளால் சாப்பிட முடியவில்லை.

பெண்ணை அழைத்து வர ஒரு தாய் வேண்டும் என்று கோதண்டராமன் தேடிக்கொண்டிருப்பது தெரிந்து, ராயம்மாளே போய்க் கேட்டாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருந்து பேசுவதைவிட அந்தப் பக்கம் இருப்பது மேல் என்று நினைத்தாள். நாலு மணி ஆட்டம் மட்டும் வருகிறேன் என்றாள். நாலும் வந்தால் வா, இல்லையென்றால் ஆள் இருக்கிறது என்றார் அவர். தர்மநாதன் வேண்டாமென்று தடுத்தார். பச்சை வெல்வெட் ரவிக்கையையும் தகர ஒட்டியாணத்தையும் மாட்டிக்கொண்டு அவள் மேடைக்குப் போனாள். மண் காலைச் சுட்டது. கயிற்றிலிருந்து பார்த்தபோது மேடை இவ்வளவு பெரிசாக இருக்கவில்லை. யாகப்பன் அவளைப் பார்த்ததும் வசனத்தை மறந்து, "நீ ஏன் இங்க வந்த?" என்றான். ஜனங்கள் அதை வசனம் என்றே நினைத்துக் கை தட்டினார்கள். அதனால் அதுவும் ஆட்டத்தில் நிலைத்துவிட்டது. ரெண்டு வருஷம், நாளைக்கு நாலு முறை, யாகப்பன் தன் மனைவியிடம் அதைக் கேட்டான்.

1967இல் ஊருக்கு டூரிங் டாக்கீஸ் ஒன்று வந்து, பூங்காவில் பெஞ்சுகள் காலியாக ஆரம்பித்தன. ஒரு சாவு போதவில்லை என்று கோதண்டராமன் பெண்ணையும் தாயையும் சாக வைத்தார். சுந்தராம்பாள் ஒரு மாதம் செத்துப் பார்த்துவிட்டு, முழங்கால் தேய்ந்துபோய், பிழைத்தால் போதும் என்று திருவண்ணாமலைக்குப் போய்விட்டாள். ராயம்மாள் இருந்தாள். கொடிக்காரன் விழுந்ததும் அவள் ஓடி வந்து அவன் மேல் விழ வேண்டும். விழுந்த பிறகு பந்தல் காலியாகும் வரை அவன் தோளில் தலை வைத்துப் படுத்திருப்பாள். அவன் உடம்பு மட்டும் எந்த வெயிலிலும் குளிர்ச்சியாக இருக்கிறது, கிணற்றடிக் கல் மாதிரி என்று தர்மநாதனிடம் ஒரு தடவை சொன்னாள். அவர், வேண்டாம்மா, விழுந்ததும் எந்திரிச்சி வந்துடு, மொதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன் என்றார். வந்துடறேன் என்றாள்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை கூட்டம் அதிகம். பன்னிரண்டு மணி ஆட்டம் முடிந்து ஒரு பெரிய குடும்பம் பந்தலில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டது. அவர்கள் போன பிறகு சிப்பாய்கள் எழுந்தார்கள், ராஜா எழுந்தார். ராயம்மாள் எழுந்திருக்கவில்லை. தங்கராசும் இன்னும் ரெண்டு பேருமாக இருவரையும் தூக்கிக் கொட்டகையில் போட்டார்கள். தர்மநாதன் மட்டும் கதவோரம் போய் நின்று அழுதார். ரெண்டு மணி அதிர்வேட்டுக்கு ரெண்டு பேரும் எழுந்து மேடைக்குப் போனார்கள்.

ஜோசப்பினுக்குத் தகவல் போனபோது குழந்தை பிறந்து நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. அவள் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்தாள். கொட்டகைக்குள் போய் இருவரையும் பார்த்தாள். அம்மாவின் ஒட்டியாணம் வயிற்றை அறுத்திருந்ததால் அதைத் தளர்த்தி விட்டாள். நைனாவின் முகத்தில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்தாள். சாமியாரிடம் சொல்லி அனுப்பட்டுமா என்று தர்மநாதன் கேட்டதற்கு வேண்டாம் என்றாள். மடியில் வைத்துக்கொள்ளும் குழந்தைக்கு டிக்கெட் உண்டா என்று கேட்டாள். இல்லை, உனக்கும் இல்லை என்றார் அவர். அவள் கயிற்றோரம் போய் உட்கார்ந்து, குழந்தையின் முகத்தில் வெயில் படாமல் துண்டால் மறைத்துக்கொண்டாள். பத்து மணிக்கு அதிர்வேட்டுப் போட்டார்கள். யாகப்பன் கொடியோடு வந்தான். பேரனைப் பார்த்து ஒரு கணம் நின்றுவிட்டுச் சண்டைக்குப் போனான். ஏழாவது நிமிஷம் ராயம்மாள், மாலை போட்ட ஒரு புதுப் பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தாள். கயிற்றருகில் குனிந்து, துண்டை விலக்கிக் குழந்தையைப் பார்த்தாள். காலில் ஒரு விரலால் தொட்டாள். பிறகு மகளைப் பார்த்து, "சாப்டியா?" என்று கேட்டாள்.

சாப்பிட்டேன் என்றாள் ஜோசப்பின். இன்னும் நாலு நிமிஷம் இருந்தது.